கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவது பூச்சியைக் கொல்லவா?

வாசகர் கேள்வி, டிசம்பர் 3

"கார்த்திகை தீபத்துக்கு வீடெல்லாம் விளக்கு, கோயில் முன்னால் சொக்கப்பனை. இதெல்லாம் பயிரைத் தின்னும் பூச்சியை வெளிச்சத்துக்கு இழுத்துக் கொல்ல முன்னோர் கண்டுபிடித்த விளக்குப் பொறி என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எங்கள் ஊர் வேலந்தாவளம். வயல் இல்லை, விற்றுவிட்டோம். விவசாயம் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள், உண்மைதானா?"

டிசம்பர் 4

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விளக்குக்குப் பூச்சி வரும். குருத்துப்பூச்சியின் அந்து, பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், ஆனைக்கொம்பன் ஈ, கதிர் நாவாய்ப்பூச்சி, நெல்லைக் கெடுக்கிற இவை எல்லாமே வெளிச்சத்தைத் தேடி வருகிறவைதான். ஆராய்ச்சி நிலையங்களில் விளக்குப் பொறி வைத்து, எத்தனை விழுந்தது என்று எண்ணித்தான் பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணிக்கிறார்கள். காலமும் ஓரளவு பொருந்துகிறது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ரெண்டாம் போகம், அதாவது முண்டகன், கார்த்திகையில்தான் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும். நாவாய்ப்பூச்சி (எங்கள் ஊரில் சாழி) மொய்க்கிற நேரமும் அதுவே.

இடிப்பது எங்கே என்றால், கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. நிலா வெளிச்சம் இருக்கிற இரவுகளில் பொறியில் விழும் பூச்சி குறைந்துவிடும். அமாவாசையை ஒட்டித்தான் அள்ளும். பூச்சி பிடிக்கவென்றே ஒரு பண்டிகை வைத்தவர்கள், அதை மாதத்திலேயே உதவாத ராத்திரியில் வைத்திருப்பார்களா? வளர்பிறை தேய்பிறை பார்க்காமல் மூங்கில்கூட வெட்டாத ஆட்கள் அவர்கள்.

அப்புறம் இடம். சொக்கப்பனை எரிவது கோயில் வாசலில், ஊர் நடுவில். வயல் அரை மைல் தள்ளி. எரிவதும் வருஷத்துக்கு ஒரு ராத்திரி, அதிலும் கொஞ்ச நேரம். ஒரு குருத்துப்பூச்சி அந்து நூறு முதல் இருநூறு முட்டை இடும். கணக்கு எங்கே கட்டும்?

டிசம்பர் 4, இரவு

கொல்லங்கோட்டு நண்பர், "வரப்பிலும் பந்தம் வைப்பார்களே" என்கிறார். வைப்பார்கள். எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகை, கிணற்றடி, எருக்குழி எல்லா இடத்துக்கும் ஒரு அகல் போகும். குப்பைக் கார்த்திகை என்று அதற்கென்றே ஒரு நாள் உண்டே. எருக்குழியில் விளக்கு வைத்தது அங்கே முட்டையிடும் காண்டாமிருக வண்டுக்காக என்று நாளைக்கு யாராவது எழுதுவார்கள், பாருங்கள்.

பந்தம் பிடித்துப் பூச்சியை விரட்டும் சடங்கு ஜப்பானில் நிஜமாகவே உண்டு, முஷி ஒகுரி என்று. ஊரே திரண்டு தீவட்டியோடு வரப்பு வழியாகப் போய்ப் பூச்சியை எல்லைக்கு வெளியே அனுப்பிவைக்கும். அப்படி அனுப்பியும் 1732-இல் மேற்கு ஜப்பானில் தத்துப்பூச்சி நெல்லை அடியோடு காலி செய்து பெரும் பஞ்சம் வந்தது. அங்கே உதவிய வைத்தியம் வேறு. வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை விட்டுவிட்டு, குச்சியால் பயிரைத் தட்டுவார்கள். பூச்சி தண்ணீரில் விழும், எண்ணெய்ப் படலத்தில் மூச்சடைத்துச் சாகும்.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி நம்மிடமும் இருக்கிறது. கூண்டுப்புழு இலையை நறுக்கிச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் மிதக்கும்போது, மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்துப் பயிரின் மேலாக இழுத்துக்கொண்டே போவோம். கூண்டெல்லாம் உதிரும். மடையைத் திறந்து தண்ணீரை வடித்தால் ஒரு மூலையில் வந்து ஒதுங்கும், அள்ளிக் கொட்டிவிடலாம். சின்ன வயதில் அந்தக் கயிற்றின் ஒரு முனை எப்போதும் என் கையில்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் கையில் சீமெண்ணெய் வாடை போகாது.

டிசம்பர் 6

"அப்படியானால் பூச்சி நம் விவசாயத்தை மாற்றவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே மாற்றியது. பண்டிகையில் தேடினால் அது கிடைக்காது, பட்டத்தில், அதாவது விதைக்கிற பருவத்தில் தேட வேண்டும்.

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்து வயலைச் சொல்கிறேன். தை, மாசியில் முண்டகன் அறுப்பு முடியும். கொஞ்ச நாள் உளுந்தோ பயறோ, இல்லையென்றால் வெறும் தரை. சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் உழுதே ஆக வேண்டும். அப்பாருக்கு அதில் சமாதானமே கிடையாது. மாடு மெலிந்திருந்தாலும், கல்யாணம் காட்சி இருந்தாலும், உழவு முதலில். சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பார். ஏர் போகிற வழியிலேயே கொக்கும் மைனாவும் வரிசையாக வரும். அடித்தாளைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே குருத்துப்பூச்சியின் புழு சுருண்டு படுத்திருக்கும். உழவு அதை வெளியே புரட்டிப் போடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், கொக்கு பார்த்துக்கொள்ளும். பிறகு புழுதியில் விதைப்பு. அந்த விரிப்பு (முதல் போகம்) ஓணத்தை ஒட்டி அறுப்புக்கு வரும்.

இதில் கவனிக்க வேண்டியது உழவைவிட இரண்டு விஷயம். கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாரும் ஒரே மழைக்கு விதைத்தார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் அறுத்துவிட்டு நிலத்தைச் சும்மா போட்டார்கள். நெல்லை மட்டுமே நம்பியிருக்கிற பூச்சிக்கு வருஷத்தில் சில மாதம் பட்டினி. அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து பட்டி போடுவார்கள், சிந்தின நெல்லோடு நத்தையும் புழுவும் போகும்.

பூச்சியை நினைத்தா இதைச் செய்தார்கள்? முதலில் மழைதான் காரணம். தண்ணீர் இல்லாதபோது வேறென்ன செய்ய முடியும்? ஆனால் ஒருவர் கிணற்றை நம்பி முன்னே பின்னே விதைத்துவிட்டால், ஊர்ச் சாழி முழுக்க அவர் வயலில்தான் இறங்கும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடி தனியாக விதைக்க மாட்டார்கள். மழை போட்டுக்கொடுத்த வழக்கத்தைக் கட்டிக்காத்தது பூச்சி என்பேன்.

அணை வந்ததும் இந்தப் பட்டினி போயிற்று. மலம்புழா 1955. எங்கள் சித்தூர்ப் பக்கத்துக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி. இதோடு 1966-இல் வந்த ஐஆர்8 போன்ற குட்டை ரகங்கள், யூரியா. பயிர் அடர்த்தியாக, கறுகறுவென்று, கிட்டத்தட்ட வருஷம் முழுக்க. அதுவரை பெரிதாக யாரும் பேசாத புகையான் 1973-74-இல் குட்டநாட்டைச் சுட்டுப் போட்டது. தண்ணீர் வந்ததைக் குறை சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில்தான் நான் படித்தேன்.

டிசம்பர் 7

"ஐஆர்8 வேண்டாம், பழைய நெல்லே போதும் என்கிறீர்களா?" இல்லைங்க. அறுபதுகளில் கேரளத்தில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

டிசம்பர் 10

புகையானைப் பார்த்ததில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? அது இலையில் இருக்காது. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே இறங்கி, ஒரு தூரை விரலால் விலக்கி, தண்ணீர் தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். எள்ளளவு பழுப்புப் பூச்சிகள், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். கையை நீட்டினால் தண்டைச் சுற்றி மறுபக்கத்துக்கு ஒதுங்கும், கொஞ்சம் தண்ணீரில் தெறிக்கும். சாப்பாடு நன்றாக இருக்கிறவரை இறக்கை குட்டையான தாய்ப்பூச்சிகளாகவே பெருகும். நெரிசல் அதிகமாகி, பயிர் வாட ஆரம்பித்ததும் நீள இறக்கை முளைத்தவை வரும். அப்புறம் பக்கத்து வயல்.

நடு வயலில் முதலில் ஒரு பாய் அளவு வட்டம் காய்ந்து கருகும். அடுத்த வாரம் அது ஒரு களம் அளவு.

மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் செய்கிற வேலை ஒன்று உண்டு. தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை இரண்டு பக்கமும் சாய்த்து வழி பிரித்து, தூருக்குள் வெயிலும் காற்றும் போகச் செய்வது. எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நடச் சொல்வதும் இதற்காகத்தான். நெருக்கி நட்டு, யூரியாவை அள்ளிப் போட்டு, தண்ணீரையும் கட்டி நிறுத்தினால் புகையானுக்குப் பந்தி விரித்த மாதிரி.

இந்த ஊரில் இன்னொன்று இருக்கிறது, தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பாடசேகரம். ஒரே வாய்க்காலில் பாய்கிற வயல்களுக்கெல்லாம் ஒரு சமிதி. எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நாற்று விடுவது, எந்த ரகம் என்று கூடிப் பேசி முடிவு செய்வது. ஒரே சமயத்தில் நடவு என்று வேளாண் அலுவலகமான கிருஷி பவன்காரர்கள் கூட்டம் போட்டுச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அப்பாருக்குக் கூட்டமும் கிடையாது, டீயும் வடையும் கிடையாது, மழையே நோட்டீஸ்.

கூடிப் பேசினாலும் நடப்பது வேறு. போன வருஷம் கால்வாயின் கடைசி மடைக்குத் தண்ணீர் வரவே தாமதம். என் வயல் அங்கேதான். எல்லாரும் நட்டு முடித்துப் பல நாள் கழித்துத்தான் நான் நட்டேன். மேலே அறுத்துக்கொண்டு போகப் போக, சாழி எல்லாம் என்னிடம் கூடிற்று. சாயங்காலம் வரப்பில் நடந்தால் அந்த நாற்றம் மூக்கைப் பிடிக்கும். பாலைக் குடித்துவிட்டுப் பதராக்கி வைத்துவிட்டது. அப்பாரு செய்தது ஞாபகம் வந்து நண்டை நசுக்கிக் குச்சியில் குத்தி வரப்போரம் நட்டேன். அழுகின வாடைக்குச் சாழி வந்து மொய்க்கும், வலைத்துணியால் மூடிப் பிடித்து நசுக்கிவிடலாம். வரத்தான் செய்தது. ஆனால் ஒரு ஏக்கருக்கு எத்தனை நண்டைத் தேடுவது? ஊரே ஒன்றாகப் பால் பிடித்திருந்தால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போயிருக்கும்.

டிசம்பர் 15

"புகையான் தாங்கும் ரகமெல்லாம் பிலிப்பைன்ஸில் செய்தது, நம்மிடம் என்ன இருந்தது?" என்று ஒருவர். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் 1927-இல் தொடங்கியது. எங்கள் பாலக்காட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ஊர் ஊராக நாட்டு ரகங்களைச் சேர்த்து, நல்லதைப் பொறுக்கி எடுத்து எண் போட்டார்கள். பிடிபி என்பது பட்டாம்பி. அதில் பிடிபி 33 என்பது அரிக்கிராய் என்ற நாட்டு நெல். புகையானைத் தாங்குவதில் இன்றும் உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற ரகம் இது. புகையான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் இந்தப் பெயர் வராத கட்டுரையைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது அம்பாசமுத்திரம். ஏஎஸ்டி 7, கார்சம்பா வழி வந்த சிவப்பு நெல். அதுவும் புகையான் எதிர்ப்புக்கு ஒரு மூலம். திரூர்குப்பத்து டிகேஎம் 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும் என்று பிலிப்பைன்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நாமெல்லாம் சாப்பிட்டு வளர்ந்த ஐஆர்20-இன் தாய் தகப்பனில் அது ஒன்று. மணிலா பக்கத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1976-இல் வந்த ஐஆர்36 ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகப் பரப்பில் விளைந்த நெல். அதன் வம்சத்தில் பட்டாம்பியின் பிடிபி 18-உம் 21-உம் இருக்கின்றன. போனதுதான் திரும்பி வந்தது, மூட்டையில் வேறு எழுத்து.

இந்த எதிர்ப்பு எப்படி வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். விதைக்கு எடுக்கும்போது நல்ல கதிர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எடுப்பார்கள். பூச்சி அடித்த வருஷத்தில் நல்ல கதிர் என்றால் பூச்சி தொடாத கதிர். அப்படித் தலைமுறை தலைமுறையாக எடுத்தால் பூச்சியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. யாரும் அதைத் திட்டம் போட்டுச் செய்ததாக நான் சொல்ல மாட்டேன். வீட்டுப் பெண்கள் விதைநெல்லுக்குக் கதிரைத் தனியாக ஒதுக்கிக் கட்டியது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பது மட்டும் நிஜம்.

ஒரே மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 1973-இல் ஐஆர்26 வெளியானது, புகையான் தாங்கும் என்று. இரண்டு மூன்று வருஷத்துக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதையே தின்னப் பழகின புகையான் வந்துவிட்டது. பிடிபி 33-இல் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்திருக்கின்றன, அதனால்தான் தாக்குப்பிடிக்கிறது.

டிசம்பர் 16

பிடிபி 33 விதை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். விளைச்சலுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் வேண்டாம். அது ஒட்டுக்குப் பயன்படுகிற நெல், மகசூல் குறைவு, சாயும். எங்கள் பக்கம் உமா ரகம் போடுகிறார்கள். மங்கொம்பு நிலையத்திலிருந்து வந்தது, அதுவும் புகையானைத் தாங்கும்.

டிசம்பர் 21

"அந்தக் காலத்தில் நஞ்சே இல்லை, அமிர்தம் சாப்பிட்டார்கள்" என்று ஒரு நீளமான பதில் வந்திருக்கிறது. அந்தக் காலம் என்பது எந்தக் காலம்? என் அப்பா காலத்தில் பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லிப் பவுடரைத் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு கையால் தட்டிக்கொண்டே வயலில் நடப்பார்கள். மூக்கில் ஒரு துண்டு. கிளம்புகிற புகையில் ஆளே தெரியாது. பத்தாயத்து நெல்லிலும் அதையே தூவிவிட்டு, நெல்லை வெயிலில் போட்டுக் குத்திச் சாப்பிட்டோம். அது தடை ஆனது 1997-இல்தான்.

1958-ஐக் கேரளத்துப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலிடால் என்று நாம் சொல்லும் பாரத்தியான் மருந்தும் உணவுப் பொருளும் ஒரே கப்பலில் வந்தன. மருந்து கசிந்து கோதுமை மாவில் இறங்கிவிட்டது. அதைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் மேல் நடந்த விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமே வந்தது. இன்றைக்கு டப்பாவின் மேல் சிவப்பு, மஞ்சள் முக்கோணம் இருக்கிறதென்றால் அதற்கு அடியில் இந்தச் சாவுகள் இருக்கின்றன.

மருந்து அடித்தால் புகையான் குறையும் என்பதும் எப்போதும் சரியில்லை. தூருக்குள் ஓநாய்ச் சிலந்தி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். புகையானின் முட்டையைத் தின்னும் பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி ஒன்றும் உண்டு. மேலாக அடிக்கிற மருந்து முதலில் இவற்றைக் கொல்லும். தண்டுக்குள் செருகி வைத்த முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அது பொரிந்து வரும்போது தின்ன ஆளில்லை. இந்தோனேசியா இதில் நன்றாக அடிபட்டு, 1986-இல் நெல்லுக்கு அடித்துக்கொண்டிருந்த 57 மருந்துகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் அடுத்த சில வருஷங்களில் எடுத்துவிட்டார்கள்.

நஞ்சில்லாத பழைய வேலை என்றால் நான் சொல்வது செம்மண் கட்டுவது. அது ஒன்றுதான் எனக்கு முழு நம்பிக்கை.

டிசம்பர் 22

செம்மண் கட்டுவது எப்படி என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. எங்கள் ஆத்தா செய்வதைச் சொல்கிறேன். கிழக்கே வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மானாவாரியில் துவரையும் அவரையும் வரும். துவரையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு வடித்துவிடுவார். சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, அதில் துவரையைக் கொட்டி, கையால் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு பருப்புக்கும் மண் ஒட்டச் செய்வார். குவித்து, சாக்கால் மூடி ஒரு ராத்திரி. மறுநாளிலிருந்து வாசலில் நல்ல வெயில், பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிற வரை. பிறகு பானையில் கொட்டி வாயைக் கட்டிவிடுவார். பயறு வண்டு பருப்பின் மேல்தான் முட்டையை ஒட்ட வைக்கும், புழு அங்கிருந்து துளைத்து உள்ளே போகும். மண் பூச்சு இருந்தால் ஒட்டவும் முடியாது, துளைக்கவும் சிரமம். உடைக்கும்போது தோலும் லேசாகக் கழன்று வரும், அது இன்னொரு லாபம்.

ஊறவைத்ததை வெயில் இல்லாத நாளில் காயப்போட்டால் முளைத்துவிடும். மார்கழி மூடாக்கில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

டிசம்பர் 28

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். பூச்சிக்குச் சட்டம் போட்ட கதை ஒன்று.

1919-இல் மெட்ராஸ் மாகாணத்தில் விவசாயப் பூச்சிகள், நோய்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் கம்போடியாப் பருத்தி புதிதாகப் பரவியிருந்த நேரம். எடுத்து முடித்த செடியை அப்படியே நிறுத்திவைத்தால் இன்னும் நாலு காய் வரும் என்று விட்டுவிடுவார்கள். தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அதிலேயே தங்கி அடுத்த பட்டத்துக்கு ஏறும். அதனால் குறிப்பிட்ட தேதிக்குள் மாறு (எடுத்து முடித்த செடி) பிடுங்கியாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. பிடுங்காவிட்டால் சர்க்கார் ஆள் வைத்துப் பிடுங்கி, கூலியை உங்களிடம் வாங்கிக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். வெள்ளாமைக்கு நடுவில் ஒரு இடைவெளி, பூச்சிக்குப் பட்டினி. அப்பாரு நெல்லில் மழையை நம்பிச் செய்ததைத்தான் பருத்தியில் தாசில்தார் செய்யவைத்தார்.

இதில் எங்கள் ஊர்க் கோணல் ஒன்று. சித்தூர் தாலுகா அப்போது மெட்ராஸில் இல்லை, கொச்சி சமஸ்தானம். இந்தப் பக்கம் கோயம்புத்தூர் ஜில்லா, அந்தப் பக்கம் பாலக்காடு அடங்கிய மலபார், இரண்டும் மெட்ராஸ், நடுவில் நாங்கள். கறுப்பு மண், பருத்தி எங்களிடமும் உண்டு. மெட்ராஸ் சட்டம் வேலியோடு நின்றுவிடும், வண்டு நிற்காது.

வேலி என்றதும் சப்பாத்திக்கள்ளி. கொங்கு நாடு முழுக்க ஒரு காலத்தில் அதுதான் வேலி, அதுவே பிறகு காட்டையும் பிடித்துக்கொண்டது. அதை ஒழித்தது ஒரு பூச்சி. 1795-இல் சாயம் எடுக்க என்று கொச்சினில் என்ற பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். (கொச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சாயத்துக்கு உதவாத வேறு இனம் வந்துவிட்டது, ஆனால் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. மிச்சமிருந்த வகைக்கு 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினில் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷத்தில் கள்ளிக்காடு மடிந்தது. அப்பாரு சொல்வார், கள்ளி மேல் வெள்ளையாகப் பஞ்சு கட்டியிருக்கும், நசுக்கினால் ரத்தமாகச் சிவக்கும் என்று. காடு மீண்டது, வேலி போனது, வரப்புச் சண்டை ஆரம்பித்தது.

ஜனவரி 3

தென்னை பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று கோபம். எழுதினால் நிறுத்த மாட்டேன் என்பதால்தான் ஒதுங்கியிருந்தேன்.

காண்டாமிருக வண்டுக்குப் பழைய வைத்தியம் எருக்குழியில்தான் இருக்கிறது. குருத்தைக் குடைந்த வண்டைச் செல்லிக்கோல் என்கிற கொக்கிக் கம்பியை விட்டு இழுக்கும்போது, கம்பி முனையில் குத்தி அது காலை உதைத்துக்கொண்டு வரும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் அது முட்டையிட்டு வளர்ந்தது உங்கள் எருக்குழியில். மழைக்கு முன் குழியை முழுக்க வாரி வயலில் கொட்டுவார்கள். வெள்ளை வெள்ளையாகக் குண்டுப் புழுக்கள் கட்டைவிரல் பருமனில் உருளும், கோழிகளுக்குத் தீபாவளி. பெருவலம் செடியைப் பிடுங்கிக் குழியில் போடுவதும் எங்கள் பக்கம் உண்டு. காசர்கோட்டுத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் அதையே சொல்கிறது. இப்போது டிராக்டர் வந்ததும் மாடு போயிற்று. குழியில் எரு மட்கிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடக்கிறது, வாருவதற்கு ஆள் இல்லை. வண்டு கூடிவிட்டதே என்று மருந்து கேட்கிறோம்.

2016-இல் வெள்ளை ஈ வந்தது ஞாபகமிருக்கும். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும்தான் முதலில் கண்டார்கள், அதாவது என் வாசலில். ஓலையின் அடியில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம் போட்டிருக்கும். அதிலிருந்து வடிகிற தேன் போன்ற கழிவு கீழ் மட்டையில் விழுந்து கரிப்பூஞ்சை படரும். தோப்புக்குள் போனால் வாழை, பாக்கு, கீழே நிறுத்திய மொபெட் வரை கறுப்பு. ஊரே பயந்துபோய் கிடைத்த மருந்தை எல்லாம் அடித்தது.

விஞ்ஞானிகள் மருந்து அடிக்காதீர்கள் என்றார்கள். ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிடும் குட்டிக் குளவி ஒன்று, என்கார்சியா, கூடவே வந்திருக்கிறது, அதை விட்டுவைத்தால் போதும் என்று. நம்பவில்லை யாரும். ஓலையைத் திருப்பி ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய கூடுகளுக்கு நடுவே கறுத்த கூடுகள். அவை குளவி ஏறினவை. அப்படிப்பட்ட ஓலையை வெட்டி, ஈ அதிகமுள்ள மரத்தில் சொருகி வைத்தோம். கரிக்கு மைதாக் கஞ்சி அடித்தோம், காய்ந்து பக்காக உரிந்து விழும்போது கரியும் போகும். ஈ ஒழியவில்லை, இன்றும் இருக்கிறது. வெயில் காலத்தில் ஏறும், மழையில் இறங்கும். மருந்தே அடிக்காத தோப்பும் விடாமல் அடித்த தோப்பும் எங்கள் ரோட்டில் எதிரெதிரே இருக்கின்றன. காய்ப்பில் என் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. செலவில் இருக்கிறது.

ஜனவரி 4

நெல்லியாம்பதிக்காரர் காப்பியைச் சேர்க்கச் சொல்கிறார். சுருக்கமாக: 1860-களில் குடகிலும் வயநாட்டிலும் துரைமார் காட்டை மொட்டையடித்து, வெட்டவெளியில் காப்பி நட்டார்கள். வெயில் படும் தண்டில் முட்டையிடும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. மெட்ராஸ் சர்க்கார் டாக்டர் பிடி என்பவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது, 1869-இல் அறிக்கை வந்தது. நிழல் மரம் இல்லாமல் காப்பி இல்லை என்கிற பாடம் உறைத்தது அப்போதுதான். நெல்லியாம்பதி ரோட்டில் போகும்போது "எவ்வளவு அழகாகக் காட்டை விட்டுவைத்திருக்கிறார்கள்" என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பூச்சியை அறிமுகம் செய்யலாம்.

ஜனவரி 9

முதலமடையிலிருந்து மாந்தோப்புக்காரர்: "மரம் முழுக்க முசுறுக் கூடு. பறிக்கிற ஆட்கள் ஏற மாட்டேன் என்கிறார்கள். மருந்து அடித்து ஒழித்துவிடலாமா?"

அடிக்காதீர்கள். பயிரைக் காக்கப் பூச்சியையே வேலைக்கு வைத்ததில் மிகப் பழைய கதை இந்த எறும்புதான். கி.பி. 304-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சீன நூலில், முசுறுக் கூட்டைச் சந்தையில் விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரத்தில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் ஒரு பழம்கூடத் தேறாது என்று இருக்கிறது. முந்திரியில் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியை இந்த எறும்பு நன்றாகக் கட்டுப்படுத்தும். அதே தேயிலைக் கொசுவுக்காகத்தான் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எழுபதுகளிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஊர் மக்கள் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் முசுறு தர்மத்துக்கு வேலை செய்யாது. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் வடிக்கிற இனிப்புக்காக அவற்றை மாடு மாதிரி மேய்க்கும், பக்கத்தில் யாரையும் விடாது. மாவுப்பூச்சி ஏறின கொம்பை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள். பறிப்புக்கு முன்தினம் சாயங்காலம், ஏற வேண்டிய கிளைகளில் இருக்கிற கூட்டைத் துறட்டியால் கழற்றிப் பக்கத்து மரத்துக்கு மாற்றலாம். ஏறுகிறவர் கைகாலில் சாம்பல் பூசிக்கொள்ளட்டும். அப்படியும் கடிக்கும், கூலி கூடக் கேட்பார். கொடுத்துவிடுங்கள், மருந்து விலையைவிடக் குறைவுதான்.